மதிலும் வாசலும்

கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்குக் கடல் என்பது பயணம் போய்க் காண வேண்டிய ஒன்று. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்றில் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தைத் தந்த கடலை நம் பாட்டன்மார் பலர் கண்ணால் கண்டதில்லை. கோட்டையும் நமக்கு அப்படித்தான். கோவை மாநகரின் நடுவில் கோட்டைமேடு இருக்கிறது; கோட்டை இல்லை. அது இடிபட்டு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஆகவே, கடலும் கோட்டையும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் ஓர் ஊரைக் காண வாய்ப்புக் கிடைத்தபோது, ஐம்பது வயதைக் கடந்த நமக்கும் சிறுபிள்ளையின் ஆவல் உண்டானதை மறைப்பதற்கில்லை.

மடு அன்னையின் திருத்தலத்துக்குச் சென்ற திருப்பயணிகள் குழுவோடு இலங்கை போயிருந்தோம். ஊர் திரும்பும் முன் ஒரு நாள் ஓய்வாகக் கிடைத்தது. மற்றவர்கள் கொழும்பில் கடைவீதிகளைப் பார்க்கப் புறப்பட, நாம் தெற்கே செல்லும் தொடர்வண்டியில் ஏறிக் காலி நகருக்குச் சென்றோம். கொழும்பின் காலி முகத்திடலை அறிந்த அளவுக்கு நம்மவர்கள் காலியை அறிந்ததில்லை. கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு முனையில், மதில் சூழ அமைந்த பழைய துறைமுக நகர் அது. அங்கே கழித்த ஒரு பகற்பொழுது நம் மனத்தில் ஒரு கேள்வியை எழுப்பிவிட்டது. மனிதன் தனக்கு மதில் எழுப்பிக்கொள்வது அறமா? அறமே என்றால், எந்த எல்லை வரையில் அறம்? இக்கேள்வியை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கடலோரப் பாதையில்

கொழும்பிலிருந்து காலிக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவு. இருப்புப் பாதை பெரும்பாலும் கடலை ஒட்டியே செல்கிறது. சன்னலோரம் அமர்ந்தால் அலைத்துளி முகத்தில் தெறிக்குமோ என்று தோன்றும். வழியில் பெரலிய என்ற ஊர் வருகிறது. எதிரே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் அங்கே வண்டி கடந்தபோது கைகூப்பிக்கொண்டார். 2004 திசம்பர் 26 அன்று கடல் பொங்கி வந்தபோது இவ்விடத்தில்தான் பயணிகள் நிறைந்த தொடர்வண்டி ஒன்று அகப்பட்டுக்கொண்டது. முதல் அலை கண்டு அஞ்சிய ஊர்மக்கள் பலர், இரும்பாலான வண்டிதானே, இது காக்கும் என்று நம்பி அதில் ஏறிக்கொண்டார்கள். அடுத்து வந்த பேரலை வண்டியைப் பெட்டி பெட்டியாகப் புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டனர். அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள். அதே காலைப் பொழுதில் நம் வேளாங்கண்ணிக் கடற்கரையிலும் திருப்பயணிகள் அலையில் போனதை நாம் மறந்துவிடவில்லை.

நம்பி ஏறிய சுவரே சவப்பெட்டியாயிற்றே என்ற எண்ணம் காலி வந்து சேரும் வரை நம்மை விடவில்லை.

நகரின் தோற்றம்

காலி நிலையத்தில் இறங்கிச் சிறிது நடந்தால் கோட்டை மதில் கண்ணில் படுகிறது. நிலத்தை நோக்கிய வடபுறத்தில் சூரியன், சந்திரன், விண்மீன் என்று டச்சுக்காரர் பெயரிட்ட மூன்று கொத்தளங்கள் நிற்கின்றன. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போர்த்துக்கீசியர் இவ்விடத்தை அரண் செய்தார்கள். 1640 மார்ச்சில் டச்சுக்காரர் அதைப் போரிட்டுக் கைப்பற்றி, கருங்கல்லும் பவளக்கல்லும் கொண்டு இன்றுள்ள பெருமதிலை எழுப்பினார்கள். 1796-இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1988-இல் யுனெஸ்கோ நிறுவனம் இப்பழைய நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. உள்ளே பரப்பளவு 36 எக்டேர். நம் கணக்கில் தொண்ணூறு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. பொள்ளாச்சிப் பக்கத்துப் பெரிய தென்னந்தோப்பு ஒன்றின் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் தெருக்கள், வீடுகள், கலங்கரை விளக்கம், 1755-இல் எழுந்த டச்சு ஆலயம், வெண்மையான பள்ளிவாசல், புத்த விகாரம் எல்லாம் நெருங்கி நிற்கின்றன. ஆலயத்தின் தரை முழுவதும் கல்லறைக் கற்கள். ஆண்டவரைத் தொழச் செல்பவர் இறந்தோரின் பெயர்கள் மீது நடந்து செல்ல வேண்டும்.

பங்குத்தந்தையாக இருப்பவர் எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் செலவுக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. மதிலின் மேல் நடந்தபோது, எத்தனை வண்டிக் கல், எத்தனை மூட்டைச் சுண்ணாம்பு, கூலி யார் கொடுத்திருப்பார் என்றே நம் மனம் ஓடியது. பிறகுதான் ஒன்று உறைத்தது. கூலியே பெறாத கைகளும் அக்காலத்தில் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்தபோதெல்லாம், பசியால் விலைபோன தமிழர்களை டச்சுக் கம்பெனிக் கப்பல்கள் அடிமைகளாக ஏற்றி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கொண்டு சென்றன. அவர்கள் பெயர் எந்தக் கல்லறைக் கல்லிலும் இல்லை.

கோட்டையின் பழைய வாசல் நம்மை நெடுநேரம் நிறுத்திவிட்டது. வெளியே நின்று பார்த்தால் ஆங்கில அரசின் சின்னம். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால், 1669 என்ற ஆண்டு பொறித்த டச்சுக் கம்பெனியின் சின்னம். இரு சிங்கங்கள், மேலே ஒரு சேவல். வாசல் ஒன்றுதான். உள்ளிருப்பவன் படிப்பது ஒன்று, வெளியே நிற்பவன் படிப்பது வேறொன்று.

மும்மொழிக் கல்

முன்தினம் கொழும்பு அருங்காட்சியகத்தில் ஒரு கல்லைக் கண்டிருந்தோம். சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல்வெட்டு அது. 1409-ஆம் ஆண்டுக்குரியது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள். சீன மொழிப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தென்னிலங்கையில் கோயில் கொண்ட தெனவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இசுலாமியரின் இறைவனைப் போற்றுகிறது. மூவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவான காணிக்கைகள். இக்கல் 1911-இல் காலி நகரில்தான் கண்டெடுக்கப்பட்டது. அப்போது அது ஒரு வடிகாலை மூடும் கல்லாகக் கிடந்ததாம்.

மதில் எழும்புவதற்கு முன்பே காலி என்ன ஊராக இருந்தது என்பதற்கு அக்கல் சாட்சி. எந்த நாட்டார் வந்தாலும் தம் மொழியில் தம் இறைவனை வாழ்த்தலாம் என்றிருந்த துறைமுகம். அக்கல்லின் முன் நின்றபோது தமிழன் என்ற முறையில் மகிழ்ச்சியும், கத்தோலிக்கக் குரு என்ற முறையில் வெட்கமும் ஒன்றாக வந்தன. ஏனெனில், தமிழ்ப் பகுதி போற்றும் அந்தத் தெனவரைக் கோயிலை 1588-இல் இடித்துக் கொள்ளையிட்டவர்கள் போர்த்துக்கீசியர். நம் மறையைச் சேர்ந்தவர்கள். சிலுவை பொறித்த கொடியோடு சென்றவர்கள்.

அதற்கடுத்த நூற்றாண்டில் காலம் திரும்பியது. டச்சு ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஆலயங்கள் பறிக்கப்பட்டன. குருவுக்கு அடைக்கலம் தருவது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. மதில்களுக்குள் கிறிஸ்தவர்களே ஆண்டார்கள். ஆனால் கத்தோலிக்கருக்கு அங்கே இடமில்லை. கோவாவில் பிறந்த யோசேப்பு வாஸ் அடிகளார் 1687-இல் கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கியது அந்தச் சூழ்நிலையில்தான். அவர் தமிழும் சிங்களமும் கற்றார். கால்நடையாக ஊர் ஊராகச் சென்றார். 1692-இல் கண்டி சென்றபோது வேவுகாரர் என்று ஐயுற்றுச் சிறையிட்டார்கள். ஆயினும் அவருக்குப் பின்னர் உரிமையும் பாதுகாப்பும் அளித்தவர் அந்த மலைநாட்டின் மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியர்; அவர் ஒரு பௌத்தர். 1697-இல் கண்டியில் அம்மைநோய் பரவியபோது, உற்றாரும் கைவிட்டவர்களை அடிகளார் சமயம் பாராமல் பேணினார். 1711 சனவரி 16 அன்று கண்டியிலேயே இறைவனடி சேர்ந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரி 14 அன்று அவரைப் புனிதராக உயர்த்தியது, கொழும்பின் காலி முகத்திடலில்.

கிறிஸ்தவன் கிறிஸ்தவனுக்கு வாசலை அடைத்த நாளில், பௌத்த மன்னர் ஒருவர் வாசலைத் திறந்தார். திருச்சபை வரலாற்றைக் குருமடத்தில் நான்கு ஆண்டுகள் படித்த நமக்கு, இந்த ஒரு செய்தி அந்தப் பாடங்களையெல்லாம் மீண்டும் படிக்கச் சொல்வதாகத் தோன்றியது. இன்றும் காலி மறைமாவட்டத்தின் மரியன்னை பேராலயம் கோட்டைக்குள் இல்லை. மதிலுக்கு வெளியே, களுவெல்லக் குன்றின் மேல் நிற்கிறது. நகர வாயிலுக்கு வெளியே துன்புற்ற ஆண்டவரின் ஆலயம் வெளியே இருப்பதில் குறையொன்றும் இல்லை.

பழக்கடைக்காரர் சொன்னது

மாலையில் நிலையத்துக்குத் திரும்ப முச்சக்கர வண்டி ஒன்றில் ஏறினோம். ஓட்டியவர் தமிழ் பேசும் இசுலாமிய அன்பர். நம் கழுத்துச் சிலுவையைப் பார்த்து, "ஃபாதர் இந்தியாவா?" என்று கேட்டார். 2004-இல் இங்கே எப்படி இருந்தது என்று கேட்டோம். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

கோட்டையை அறிந்தவர்கள் எல்லாரும் சொல்லும் செய்தி இது. அன்று கடல் வந்தபோது பெருமதில் அலையைத் தாங்கிக்கொண்டது. உள்ளே இருந்த பழைய நகருக்குப் பெரும் சேதம் இல்லை. மதிலுக்கு வெளியே இருந்த பேருந்து நிலையமும் கடைவீதியும் துடுப்பாட்ட மைதானமும் வெள்ளக்காடாயின. பேருந்துகள் மரக்கலங்களைப் போல மிதந்தன. டச்சுக்காரர் எதிரிகளின் பீரங்கிக்கு அஞ்சிக் கட்டிய மதில், அவர்கள் போய் இரு நூற்றாண்டுகளுக்குப் பின் கடலைத் தடுத்து நிறுத்தியது என்று வழிகாட்டிகள் பெருமையோடு கூறுகிறார்கள்.

அந்த ஓட்டுநர் சொன்னது வேறு. "அப்ப நான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில பழக்கடை வச்சிருந்தேன், ஃபாதர். சனம் கத்திக்கிட்டு ஓடிச்சு. நானும் ஓடி இந்த வாசலுக்குள்ள பூந்து மதில் மேல ஏறிட்டேன். எனக்குப் பின்னால வந்த மச்சான் வந்து சேரல்ல." சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எல்லாரும் மதில் காப்பாத்திச்சு என்டு சொல்றாங்க. உள்ளுக்கு இருந்த ஆக்கள மதில் காப்பாத்திச்சு, சரி. என்னைக் காப்பாத்தினது வாசல். அது பூட்டிக் கிடந்திருந்தா, மதிலால எனக்கு என்ன பிரயோசனம்?" என்றார்.

அவர் காட்டிய வாசல் டச்சுக்காரர் வைத்ததன்று. 1873-இல் ஆங்கிலேயர் போக்குவரத்து நெருக்கடி தாளாமல் வடமதிலை உடைத்து அமைத்த பெருவாசல் அது. அரண் கட்டத் தெரிந்த டச்சுப் பொறியாளர் ஒருவர் உயிர்த்தெழுந்து வந்து பார்த்தால், மதிலைக் கெடுத்துவிட்டார்கள் என்று வருந்தியிருப்பார். அந்தக் கேடுதான் நம் ஓட்டுநரின் உயிர்.

மதில் பாவமா?

திரும்பும் வழியில் தொடர்வண்டியிலும், பிறகு ஊரிலும் இதையே எண்ணிக்கொண்டிருந்தோம். மதில்களையெல்லாம் இடித்துவிட வேண்டும் என்று சொல்வது எளிது. மேடையில் கைத்தட்டலும் கிடைக்கும். ஆனால் அது உண்மையன்று. எருசலேமின் மதில் இடிந்து கிடப்பது கேட்டு நெகேமியா உட்கார்ந்து அழுதார். பின் எழுந்து அதைக் கட்டினார். மதில் இல்லாத ஊரில் வலியவன் வைத்ததே சட்டம். தாயின் கைகளும் குழந்தைக்கு ஒரு மதில்தான். துறவு இல்லங்களுக்கு அடைப்பு உண்டு. பிறர் கண் படாத ஓர் அறை இல்லையென்றால் செபமும் இல்லை. காக்க வேண்டியதைக் காப்பது கடமை. கடலுக்கு அஞ்சுவதும் கள்வனுக்கு அஞ்சுவதும் குற்றமாகா.

அப்படியானால் மதிலில் அறம் எங்கே நிற்கிறது? செல்வனையும் இலாசரையும் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை எண்ணிப் பாருங்கள். அச்செல்வன் மாளிகை கட்டினான் என்பதற்காகத் தீர்ப்பிடப்படவில்லை. வாயில் வைத்தான் என்பதற்காகவும் அன்று. அவன் இலாசரை அடிக்கவில்லை, விரட்டவுமில்லை. தன் வாயிலருகே கிடந்தவனை நாள்தோறும் கடந்து போனான், காணவில்லை. அவ்வளவுதான். அவனுடைய பாவம் சுவரில் இல்லை, வாசலில் இருந்தது. திருவெளிப்பாடு நூலில் வரும் புதிய எருசலேமுக்கும் உயர்ந்த மதில் உண்டு என்பதை நாம் பல நேரம் மறந்துவிடுகிறோம். அந்த மதிலில் பன்னிரண்டு வாயில்கள். அவை மூடப்படுவதே இல்லை.

நம் கொங்கு மண்ணில் இதைப் புரிந்துகொள்ள வெளிநாடு போக வேண்டியதில்லை. காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடுகளைப் பார்த்தவர்களுக்குக் கிளுவை வேலி தெரியும். கால்நடைகள் வெளியே போகாதபடி மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி வைத்த முள்வேலி அது. ஆனால் உயிருள்ள வேலி. அதில் காற்று புகும், குருவி கூடு கட்டும். உள்ளே போக ஒரு கடவும், அதை அடைக்க ஒரு படலும் இருக்கும். வேலிக்கு அப்பால் நிற்கும் மனிதர் முகம் இப்பாலிருந்து தெரியும், நின்று பேசலாம். காக்கிறது, மறைப்பதில்லை. நம் முன்னோர் கல்லறுக்கத் தெரியாததால் கிளுவை நட்டவர்கள் அல்லர்.

நம் பக்கத்துச் சுவர்கள்

கிளுவை நட்ட அதே மாவட்டங்களில் வேறு சுவர்களும் எழுந்தன. 2019 திசம்பர் 2 அன்று, விடியும் முன், பெருமழையில் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் ஓர் உயர்ந்த மதிற்சுவர் சரிந்து, அதன் அடியில் இருந்த ஓட்டு வீடுகளின் மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களில் உண்டு. அனைவரும் தலித் மக்கள். அது தீண்டாமைச் சுவர் என்று அப்பகுதி மக்களும் இயக்கங்களும் கூறினார்கள். வெறும் மதிற்சுவர்தான் என்று கூறியவர்களும் இருந்தார்கள். நாம் இங்கே வழக்கை விசாரிக்கப் புகவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறோம். ஒரு சுவரின் நிழலில் யார் உறங்குகிறார்கள் என்று கட்டும்போது எண்ணிப் பார்க்கப்பட்டதா? சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டபோது, மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகளா என்று ஆண்டவர் கேட்டார். இல்லை என்று அவரே விடையளித்து, கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனம் மாறும்படி அழைத்தார். இறந்தவர்களைப் பற்றிய பேச்சை உயிரோடிருப்பவர்கள் பக்கம் திருப்பிவிட்டார். காலிக் கோட்டைக்குள் தப்பியவர்கள் நல்லவர்களும் அல்லர். வெளியே போனவர்கள் தீயவர்களும் அல்லர். நடூரில் இறந்த பதினேழு பேரின் பெயரால் மனம் மாற வேண்டியவர்கள் நாம்.

இதைப் பிறரை நோக்கி மட்டும் சொல்ல நமக்கு உரிமை இல்லை. நெல்லைப் பகுதியின் வடக்கன்குளத்தில், நம் ஆலயத்துக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து நிறுத்திய தடுப்புச் சுவர் இருந்தது. 1910-ஐ ஒட்டி அது அகற்றப்பட்டபோது எதிர்த்தவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றார்கள். ஒரே அப்பத்தில் பங்கு கொள்பவர்கள், ஒரே பீடத்தைப் பார்த்து, ஒரு சுவரின் இரு பக்கம் முழந்தாளிட்டார்கள். கல்லறைத் தோட்டங்களில் இன்னும் சுவர்கள் உண்டு என்பதை இவ்விதழின் வாசகர்கள் அறிவார்கள்.

நாம் கட்டிய சுவர்

இப்போது நம் கதைக்கு வருகிறோம். இதைச் சொல்லாமல் மேலே எழுதியவை எல்லாம் வெறும் மறையுரை.

பல ஆண்டுகளுக்கு முன், மாநகரின் ஓரத்தில் ஒரு பங்கில் பணியாற்றினோம். கோயில் வளாகத்தின் மேற்குச் சுவரில் ஒரு சிறு கதவு இருந்தது. அதற்கு அப்பால் கூலிவேலை செய்வோரின் தெரு. அவர்களில் நம் பங்கு மக்களும் உண்டு, மற்றவர்களும் உண்டு. அக்கதவு வழியாகப் பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள். பெண்கள் நம் குழாயில் குடிநீர் பிடிப்பார்கள். இருமுறை மோட்டார் வயரை அறுத்துத் திருடிவிட்டார்கள். ஆடுகள் வந்து செடிகளைத் தின்றன. இரவில் சிலர் குடித்துவிட்டுப் படுத்துக் கிடந்தார்கள். தொல்லை உண்மைதான், இட்டுக்கட்டியது அல்ல. சுவரை மூன்றடி உயர்த்தி, மேலே கண்ணாடிச் சில்லுப் பதித்து, அக்கதவைச் செங்கல் வைத்து அடைத்தோம். உட்புறம் பூசி வெள்ளையடித்தோம். பங்குப் பேரவையில் பாராட்டினார்கள். திருடியவர் இன்னார் என்று எவருக்கும் தெரியாது. கதவு அடைபட்டதோ தெரு முழுவதற்கும்.

அத்தெருவிலிருந்து வந்து நெடுங்காலமாகக் கோயிலைக் கூட்டிவந்த மூதாட்டி ஒருவர், மறுவாரம் முதல் பெருஞ்சாலையைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஒரு நாள், "நேரமாகிவிட்டதே அம்மா" என்று கேட்டோம். "சொவரு நல்லாத்தானுங்க இருக்குது சாமி. ஒரு நாளைக்கு எங்க பக்கமா வந்து நின்னு பாருங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆகட்டும் என்றோம். போகவில்லை. பிறகு மாறுதல் வந்தது. வேறு பங்குக்குச் சென்றுவிட்டோம்.

காலியிலிருந்து திரும்பிய பின் அங்கே போனோம். கோயிலுக்குள் நுழையாமல் நேரே அத்தெருவுக்குச் சென்று, சுவரின் மறுபக்கத்தில் நின்றோம். பூச்சில்லாத செங்கல். உள்ளே அழகாகக் காட்டியதெல்லாம் உள்ளே மட்டுந்தான். நம் வளாகத்து மழைநீர் வெளியேறுவதற்காக அடியில் மூன்று குழாய்கள் விட்டிருந்தோம்; அவை மூன்றும் அவர்கள் வாசலைப் பார்த்திருந்தன. குழாய்களின் கீழே மண் அரித்துக் குழியாகிக் கிடந்தது. அக்குழாய்களுக்கு இடம் காட்டியவர் நாமேதான். வரைபடத்தில் அந்தப் பக்கம் வெற்றுத்தாளாக இருந்தது.

மூதாட்டி இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார். அவர் மகள் நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்தார். அடக்கத் திருப்பலிக்குப் பெட்டியைப் பெருஞ்சாலை சுற்றித்தான் தூக்கி வந்தோம் என்று, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே சொன்னார். அவர் குறையாகச் சொல்லவில்லை. நமக்குத்தான் தேநீர் இறங்கவில்லை.

இன்றைய பங்குத்தந்தையிடம் பேசினோம். சுவரை இடிக்கச் சொல்லவில்லை. அக்கதவைத் திறந்து, இரவில் மட்டும் பூட்டி, சாவியை அத்தெருக்காரர் ஒருவரிடமே கொடுக்கலாமே என்று கேட்டோம். அவர் நல்லவர், பேரவையில் வைத்தார். இருமுறை பேசியிருக்கிறார்கள், முடிவு எட்டப்படவில்லை. எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணங்கள் நமக்கு நன்கு தெரியும். அன்று அவற்றை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் நாமே. மழைநீர்க் குழாய்களை மட்டும் உட்புற வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டார்கள்.

ஒரு கேள்வி

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது, ஒரு செயலின் நன்மை தீமையை அறிய அதன் பொருள், நோக்கம், சூழ்நிலை ஆகிய மூன்றையும் ஆராய வேண்டும் என்று கற்றோம். இன்று நாம் அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்வோம்: செய்தவன் நின்ற பக்கத்திலிருந்து மட்டும் அல்லாமல், மறுபக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். சொந்த உடைமைக்கு உரிமை உண்டு என்று சொல்லும் திருச்சபை, படைப்பின் செல்வங்கள் எல்லாருக்கும் உரியவை என்றும் அதே மூச்சில் சொல்கிறது. முன்னது மதில், பின்னது வாசல். ஒன்றை மட்டும் வைத்துக் கட்டியவன் வீடு கட்டவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020-இல் எழுதிய 'ஃப்ரத்தெல்லி தூத்தி' என்னும் சுற்றுமடலில், சுவர் எழுப்புகிறவர் கடைசியில் அதற்குள் தாமே அடைபடுகிறார் என்று எச்சரித்தார். பூச்சில்லாத அந்தச் செங்கல்லின் முன் நின்ற பிறகே அது நமக்கு விளங்கியது.

பயணி என்பவன் எந்த ஊருக்குப் போனாலும் வாசல் வழியாக வரவேற்கப்படுகிறவன். சீட்டு வாங்கினால் அவனுக்கு எல்லா மதிலும் அழகுதான். மேலே ஏறிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். நாமும் அன்று அப்படித்தான் திரும்பியிருப்போம், பழக்கடை வைத்திருந்த அந்த மனிதர் வண்டியை நிறுத்தியிராவிட்டால்.

அன்பு வாசகர்களே, உங்கள் வீட்டைச் சுற்றியும், நம் ஆலயங்களைச் சுற்றியும், நம் உறவுகளையும் சாதிகளையும் சுற்றியும் மதில்கள் உண்டு. அவற்றை இன்றே இடிக்கும்படி நாம் கேட்கவில்லை. ஒரு நாள் மாலை, செருப்பை மாட்டிக்கொண்டு, சுற்றிப் போய், மறுபக்கத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். அந்தப் பக்கம் பூசியிருக்கிறதா? நம் தண்ணீர் யார் வாசலில் போய் விழுகிறது? கடல் வரும் நாளில், அங்கிருந்து ஓடி வருபவருக்கு ஒரு கதவு இருக்கிறதா?